எதை முதலில் மூடுவது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை. அன்று நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஜெர்மனியின் கடைசி மூன்று அணுவுலைகளும் மின்கட்டமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டன. பவேரியாவில் ஈசார் 2, தென்மேற்கில் நெக்கர்வெஸ்ட்ஹைம் 2, வடமேற்கில் எம்ஸ்லாண்ட். பெர்லின் நகரில் பிராண்டன்பர்க் வாயிலருகே ஒரு கூட்டம் அதைக் கொண்டாடியது. அணுமின்சாரம் வேண்டும் என்று சொல்பவர்களும் அதே இடத்தில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மறுநாள் ஏப்ரல் 16ஆம் தேதி, பின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ 3 என்ற புதிய அணுவுலை முறையான மின்னுற்பத்தியைத் தொடங்கியது. ஒரே கண்டத்தில், ஒரே வார இறுதியில், புவி வெப்பமாதலை ஒப்புக்கொள்ளும் இரண்டு அரசுகள் நேர் எதிரான இரண்டு முடிவுகளை நிறைவேற்றின.

இதில் என் நிலை என்ன என்பதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணுமின்சாரத்தை விட்டு வெளியேறுவது சரியான இலக்கு என்று நம்புகிறவன் நான். ஆனால் ஜெர்மனி வெளியேறிய வரிசை தவறு. நிலக்கரியை முதலில் மூடியிருக்க வேண்டும்; அணுவுலை அதற்குப் பின் வந்திருக்க வேண்டும். அந்த வரிசை ஏன் தலைகீழானது, அதிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது என்பதே இன்றைய பேச்சு.

வரிசை தலைகீழானதற்கு வேர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ரைன் ஆற்றங்கரையில் வீல் என்று ஒரு சிற்றூர். சுற்றியுள்ள கைசர்ஸ்டூல் மலைச்சரிவுகள் திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போனவை. 1970களின் தொடக்கத்தில் அங்கே அணுமின் நிலையம் கட்ட மாநில அரசு முடிவு செய்தது. விவசாயிகளின் முதல் அச்சம் கதிர்வீச்சைப் பற்றியதுகூட அல்ல. குளிரூட்டும் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மூடுபனியாகத் தங்கி வெயிலை மறைக்கும், திராட்சை பழுக்காது என்று அஞ்சினார்கள். தம் நிலத்தின் வெயிலைத் தலைமுறைகளாக அளந்து வைத்திருப்பவர்களின் அச்சம் அது. அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த நிலையம் வராவிட்டால் 1980க்குள் மாநிலம் இருளில் மூழ்கும் என்று மாநில முதல்வர் ஃபில்பிங்கர் எச்சரித்தார்.

1975 பிப்ரவரியில் கட்டுமானம் தொடங்கியதும் மக்கள் இடத்தை ஆக்கிரமித்தார்கள். காவல்துறை தண்ணீர் பீய்ச்சி அவர்களை அப்புறப்படுத்தியது. சில நாட்களில், பிப்ரவரி 23 அன்று, ஏறக்குறைய 28,000 பேர் திரண்டு வந்து அந்தக் காட்டுப்பகுதியை மீண்டும் கைப்பற்றினார்கள். ஆற்றின் மறுகரையில் பிரான்ஸ் நாட்டு அல்சாஸ் மக்கள் ஓர் ஈய ரசாயனத் தொழிற்சாலைக்கு எதிராக இதே வழியில் போராடியவர்கள். அவர்களும் வந்து சேர்ந்தார்கள். மாதக்கணக்கில் மக்கள் அங்கேயே தங்கினார்கள். எனக்கு இந்தப் போராட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் அந்தக் காட்டுக்குள் ஒரு மக்கள் பள்ளியை நடத்தியதுதான். அணுவுலை எப்படி இயங்குகிறது, கதிரியக்கம் என்றால் என்ன, வேறு வழியில் மின்சாரம் எடுக்க முடியுமா என்று வகுப்புகள் நடந்தன. விஞ்ஞானிகள் பேசினார்கள், திராட்சை விவசாயிகள் கேள்வி கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள், வேறு என்ன வேண்டும் என்பதையும் அங்கேயே படித்தார்கள்.

வீல் நிலையம் கட்டப்படவே இல்லை. அந்த இடம் இன்று இயற்கைக் காப்பகம். 1980இல் மாநிலம் இருளில் மூழ்கவும் இல்லை. அருகிலுள்ள ஃப்ரைபுர்க் நகரில் 1977இல் ஓக்கோ இன்ஸ்டிட்யூட் என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் பிறந்தது. எண்ணெயும் யுரேனியமும் இல்லாமலே வளர முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் நூலை அந்நிறுவனம் 1980இல் வெளியிட்டது. 1981இல் அதே நகரில் சூரிய ஆற்றலுக்கான ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. ஒரு போராட்டம் நடந்த வட்டாரத்தில் பத்தாண்டுக்குள் அந்தத் துறையின் அறிவுக்கூடங்கள் எழுந்தன என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

பிறகு 1986 ஏப்ரல் 26. செர்னோபில் உலை வெடித்துக் கதிரியக்க மேகம் ஜெர்மனிக்கு மேலும் வந்தது. தெற்கு ஜெர்மனியில் மழையோடு அது இறங்கியது. குழந்தைகளை மணலில் விளையாட விடலாமா, பால் கொடுக்கலாமா, கீரை சமைக்கலாமா என்று தாய்மார்கள் திகைத்து நின்ற கோடை அது. கறுங்காட்டுப் பகுதியில் ஏறக்குறைய 2,500 பேர் வாழும் ஷோனாவ் என்ற ஊரில் சில பெற்றோர் கூடினார்கள். அணுமின்சாரம் வேண்டாம் என்றால் நம் ஊருக்கு மின்சாரம் தரும் கம்பிகளை நாமே வாங்கிவிடுவோம் என்ற முடிவுக்கு அவர்கள் படிப்படியாக வந்தார்கள். இரண்டு முறை ஊர்ப் பொதுவாக்கெடுப்பு நடந்தது, இரண்டிலும் வென்றார்கள். மின் நிறுவனம் கேட்ட விலைக்காக நாடெங்கும் நன்கொடை திரட்டினார்கள். 1997இல் ஊரின் மின்வலை ஊராரின் கூட்டுறவுக்குச் சொந்தமானது. இதை முன்னின்று நடத்திய ஊர்சுலா ஸ்லாடெக் ஒரு பள்ளி ஆசிரியை, ஐந்து குழந்தைகளின் தாய். 2011இல் அவருக்கு கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இந்த இரண்டு ஊர்களையும் இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் மாற்றத்தை 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் பதறிப்போய் எடுத்த முடிவு என்று எழுதுகிறார்கள். அங்கேலா மெர்கல் அரசு 2010 இலையுதிர் காலத்தில் உலைகளின் ஆயுளை நீட்டித்ததும், ஃபுகுஷிமாவுக்குப் பிறகு சில நாட்களுக்குள் பழைய உலைகளை நிறுத்தியதும், அந்தக் கோடையிலேயே 2022க்குள் எல்லாவற்றையும் மூட நாடாளுமன்றம் சட்டமியற்றியதும் உண்மைதான். ஆனால் வெளியேறும் முதல் சட்டம் 2002இலேயே வந்துவிட்டது. மெர்கல் ஓர் இயற்பியலாளர். உலையின் இயக்கம் அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு தலைமுறை மக்களின் மனத்தில் உறைந்துபோன தீர்ப்பை அவரால் மாற்ற முடியவில்லை. நிலக்கரிக்கு எதிராக அப்படி ஒரு தீர்ப்பு அந்த மக்களிடம் அப்போது இல்லை. இருந்ததெல்லாம் சுரங்கத் தொழிலாளர் சங்கங்களும், ரூர், லௌசிட்ஸ் வட்டாரங்களின் பிழைப்பும், அந்தப் பிழைப்பைக் காக்கும் அரசியலும்தான்.

அதன் விளைவு சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அணுவுலைக்குக் கடைசி ஆண்டு 2022; கடைசி மூன்று மட்டும் சில மாதம் கூடுதலாக ஓடின. நிலக்கரிக்கு 2020இல் இயற்றிய சட்டத்தில் கடைசி ஆண்டு 2038. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடும் பசுங்குடில் வாயு, சுரங்கம் முதல் சாம்பல் வரை எல்லாவற்றையும் சேர்த்தால், ஏறத்தாழ 820 கிராம். அணுமின்சாரத்துக்கு 12 கிராம். காற்றுக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2014 அறிக்கையில் தந்த நடு மதிப்புகள் இவை. 820க்குப் பதினாறு ஆண்டு கூடுதல் ஆயுள் கொடுத்துவிட்டு 12ஐ முதலில் அனுப்பினார்கள்.

எண்களை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 2010இல் ஜெர்மனியின் அணுவுலைகள் தந்தது ஏறக்குறைய 14,000 கோடி யூனிட். அதே ஆண்டில் காற்று, சூரியன், நீர், உயிரி எரிவாயு முதலியவை எல்லாம் சேர்ந்து தந்தது 10,500 கோடி யூனிட் அளவு. 2023இல் இந்தப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 27,000 கோடி யூனிட்டுக்கு அருகே வந்துவிட்டது. நாட்டின் மின்நுகர்வில் பாதிக்கு மேல். அணுவுலைகள் விட்டுச் சென்ற இடத்தை அது முழுவதும் நிரப்பியது. அதே காலத்தில் நிலக்கரி மின்சாரமும் 26,000 கோடியிலிருந்து 13,000 கோடி யூனிட் அளவுக்கு இறங்கியது. ஆகவே ஜெர்மனி அணுவை விட்டு நிலக்கரிக்குத் திரும்பியது என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள்.

ஆனால் 2023இல் மிஞ்சியிருந்த நிலக்கரி மின்சாரத்தையும் 2010இல் இருந்த அணுமின்சாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 13,000 கோடி, 14,000 கோடி. உலைகளை இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடவிட்டு, வளர்ந்துவந்த காற்றையும் சூரியனையும் நிலக்கரியின் மேல் திருப்பியிருந்தால், ஜெர்மனியின் நிலக்கரி நிலையங்கள் பெரும்பாலும் இன்று குளிர்ந்து கிடந்திருக்கும். எல்லா உலைகளையும் ஓடவிட்டிருக்க முடியாது; சில மிகப் பழையவை. இருந்தும் கணக்கின் திசை மாறாது. அணுவுலைகளை மூடியதால் கூடுதலாக எரிந்த நிலக்கரியின் புகை ஆண்டுக்குச் சுமார் 1,100 உயிர்களைக் குடித்திருக்கும் என்று ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிட்டது. நுரையீரல் நோயில் சாகிறவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்படுவதில்லை. செர்னோபிலுக்கு நாள் உண்டு, பெயர் உண்டு. புகைக்கு இரண்டும் இல்லை. வரிசை தலைகீழானதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசி உலைகள் மூடப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, 2023 ஜனவரியில், கார்ட்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக லுட்செராத் என்ற சிற்றூரிலிருந்து போராட்டக்காரர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. சுரங்கத்தின் விளிம்பில் சுழலும் ராட்சத வாளிச் சக்கர எந்திரங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த தமிழர்களுக்கு அவை புதியவையாக இருந்திருக்காது. நெய்வேலியில் நிலம் வெட்டும் சக்கரங்கள் அந்த ஜெர்மன் தொழில்நுட்பத்தின் வழி வந்தவை. அதே 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில், கதிர் வாங்க வேண்டிய நெற்பயிரின் மேல் மண்வெட்டும் எந்திரங்கள் ஏறியதை நாம் பார்த்தோம். பழுப்பு நிலக்கரி எங்கே எடுத்தாலும் மேலே இருக்கும் ஊரையும் வயலையும் தின்றுதான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் அணுமின்சாரம்தான் காலநிலைக்கு மருந்தா, இன்னும் உலைகள் கட்டலாமா என்று கேட்பீர்கள். கட்ட வேண்டாம் என்பதே என் பதில். ஓடிக்கொண்டிருக்கும் உலையை ஓடவிடுவது வேறு, புதிதாக ஒன்றைத் தொடங்குவது வேறு. நான் முதலில் சொன்ன பின்லாந்து உலையின் கட்டுமானம் 2005இல் தொடங்கியது. 2009இல் முடிய வேண்டியது 2023இல் முடிந்தது. கூடங்குளத்துக்கு 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தார்கள். முதல் உலையில் அணுப்பிளவு தொடங்கியது 2013 ஜூலையில். இடையில் சோவியத் நாடே இல்லாமல் போனது. அவ்வளவு காலம் கடல் மட்டமும் வெப்பமும் காத்திருக்கப் போவதில்லை.

இன்னொன்று, வெப்பமாகும் உலகம் அணுவுலைக்கே பகை. உலையைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், அதுவும் குளிர்ந்த தண்ணீர். 2022 கோடையில் பிரான்ஸில் ரோன், கரோன் ஆறுகள் சூடாகி வற்றின. உலைகளின் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. அதோடு பல உலைகளின் குழாய்களில் அரிப்பும் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்த ஆண்டு பிரான்ஸின் அணுமின்சாரம் முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு விழுந்தது. வழக்கமாக மின்சாரம் விற்கும் நாடு அண்டை நாடுகளிடம் வாங்கியது. 2025 ஆகஸ்ட்டில் அதே நாட்டின் கிராவ்லீன் கடற்கரையில் சொறிமீன் கூட்டம் நீர்வடிகட்டிகளை அடைத்து நான்கு உலைகள் நின்றன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பணியாற்றியவர்களுக்குச் சொறிமீன் தொல்லை பழக்கமானது. அங்கே 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்ளே வந்து நீரேற்றும் கூடத்தை நிரப்பியதையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதற்காக அந்த ஊழியர்களை வணங்குகிறேன்.

கழிவைப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன். ஜெர்மனியில் அஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 உருளைகளில் கதிரியக்கக் கழிவை இறக்கினார்கள். உள்ளே நீர் கசிகிறது. இறக்கியதையெல்லாம் திரும்ப மேலே எடுக்க வேண்டும் என்று இப்போது சட்டமே இருக்கிறது. வீரியம் மிக்க கழிவுக்கு 10 லட்சம் ஆண்டு பாதுகாப்பான இடம் வேண்டும் என்கிறது அவர்களது இன்னொரு சட்டம்; இடம் இன்னும் கிடைக்கவில்லை. கூடங்குளத்தில் எரிந்து தீர்ந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்தாண்டுக்குள் கட்ட வேண்டும் என்று 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது.

கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. வீல் விவசாயிகள் திராட்சையைச் சொன்னார்கள். இவர்கள் மீனைச் சொன்னார்கள். அங்கே மாநிலம் இருண்டுவிடும் என்றார்கள். இங்கே 2012இல் நாம் மணிக்கணக்கில் மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்தபோது, இருட்டுக்குக் காரணம் போராட்டக்காரர்கள் என்றார்கள். வீல் மக்களோடு அரசு கடைசியில் உட்கார்ந்து பேசியது. இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. வழக்குகளைத் திரும்பப் பெறுவதற்கு நடவடிக்கை எடுக்குமாறு உச்ச நீதிமன்றமே மேலே சொன்ன 2013 தீர்ப்பில் சொல்ல வேண்டியிருந்தது. உலையை ஏற்பவர், மறுப்பவர் எவரானாலும், அந்த மக்களை அப்படி நடத்தியதற்கு நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும்.

நம் நிலைக்கு வருகிறேன். கூடங்குளத்தில் இயங்கும் இரண்டு உலைகளும் தலா 1,000 மெகாவாட். அவற்றை நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை. மூடினால் அந்த இடத்தில் எரியப்போவது எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரி. ஜெர்மனியின் தவறை அப்படியே இங்கே செய்ததாகும். கடுமையான, வெளிப்படையான கண்காணிப்பில் அவற்றின் காலம் முடியும்வரை இயங்கட்டும். ஆனால் நாட்டின் அணுமின் திறனை 2047க்குள் 1,00,000 மெகாவாட் ஆக்குவோம் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்களே, அந்தப் பணமும் காலமும் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

எந்த இடம்? தமிழ்நாட்டில் காற்று இல்லாமல் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழி வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை பாய்கிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு சோதனைக்காக நிறுத்திய சிறு காத்தாடிகளிலிருந்து இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டோம். கூடங்குளம் உலைகளின் சுற்றுவட்டாரத்திலேயே காற்றாலைகள் நிற்கின்றன. சூரிய மின்சாரம் இன்று நிலக்கரியைவிட மலிவு. அதற்கு ஒருவகையில் ஜெர்மன் குடும்பங்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி கூரையில் சூரியத் தகடு வைத்தவருக்கு 20 ஆண்டு நிலையான விலை கிடைத்தது. அந்தச் செலவை எல்லா வீட்டாரும் மின்கட்டணத்தில் சுமந்தார்கள். அப்படி உருவான சந்தைதான் சீனத் தொழிற்சாலைகளைப் பெருக்கி உலகெங்கும் தகட்டின் விலையை வீழ்த்தியது. கமுதியில் விரிந்து கிடக்கும் 648 மெகாவாட் சூரியப் பண்ணைக்கும் அந்த வரலாற்றில் பங்குண்டு.

நம்மிடம் போதுமான அளவு இல்லாதது சேமிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஓய்ந்து வானம் மூடும். கோடையில் வெயில் சாய்ந்த பிறகுதான் வீடுகளில் குளிர்சாதனங்கள் ஓடத் தொடங்கும்; 2024 கோடையில் மாநிலத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஜெர்மனியிலும் 2024 டிசம்பரில் காற்றும் வெயிலும் ஒருசேர இல்லாத நாட்களில் மின்சந்தை விலை பல மடங்கு ஏறியது. வடக்கே வீசும் காற்றைத் தெற்கே கொண்டுசெல்ல வேண்டிய சூட்லிங்க் என்ற 700 கிலோமீட்டர் மின்தடம், உலைகளை மூடிய அன்றும் முடியவில்லை. கம்பியும் கிடங்கும் முதலில், மூடுவது பிறகு என்பதை அவர்கள் விலை கொடுத்துக் கற்றார்கள். உபரி மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம் நம்மிடம் கடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு 1980களிலிருந்து இருக்கிறது. அடுத்ததாகத் தொடங்கிய குந்தா திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. மலையும் அணையும் உள்ள மாநிலத்துக்கு இந்த வேகம் போதாது. மின்கலச் சேமிப்பையும் துணைமின் நிலையங்களோடு சேர்த்தே கட்ட வேண்டும்.

பழைய காத்தாடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இடங்களில் நிற்பவை பல, 1990களில் நிறுவிய 250 கிலோவாட் அளவுச் சிறு எந்திரங்கள். அவற்றைக் கழற்றிவிட்டு 2, 3 மெகாவாட் எந்திரங்களை நிறுத்தினால் குறைந்த இடத்தில் பல மடங்கு மின்சாரம் கிடைக்கும். இதற்கான கொள்கையை மாநில அரசு 2024இல் வெளியிட்டது. வரவேற்கிறேன். அந்தக் கொள்கை பேசாத ஒன்று, யாருக்குச் சொந்தம் என்பது. 2012இல் ஜெர்மனியின் புதுப்பிக்கத்தக்க மின்திறனில் ஏறக்குறைய பாதி தனிமனிதர்கள், விவசாயிகள், கூட்டுறவுகள் கையில் இருந்தது. மின்கட்டணம் ஏறியபோதும் மக்கள் அந்த மாற்றத்தைக் கைவிடாததற்குக் காரணம் அதுவே. இங்கே காற்றாலைகள் பெரும்பாலும் நூற்பாலைகளுக்கும் வரிச்சலுகை தேடிய நிறுவனங்களுக்கும் சொந்தம். நிலம் விற்ற விவசாயிக்குக் கிடைத்தது ஒருமுறை விலை. சிலருக்குக் காவல்காரர் வேலை.

ஆனால் நமக்கும் ஒரு ஷோனாவ் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை என்ற ஊராட்சி. 2006இல் அது தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்துச் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காத்தாடி ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. ஊரின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மீதியை மின்வாரியத்துக்கு விற்றது. அந்த வருமானத்தில் கடனை அடைத்தது. அதற்கு எந்தத் தனிச் சட்டமும் தேவைப்படவில்லை. பழைய எந்திரங்களைக் கழற்றிப் புதியவை நிறுத்தப்போகும் இந்தப் பத்தாண்டில், ராதாபுரம், தோவாளை, உடுமலை, கம்பம் வட்டார ஊராட்சிகளுக்கு ஒவ்வொரு புதிய காற்றாலைத் தொகுதியிலும் ஒரு பங்கு எழுதித் தர வேண்டும், அதற்கான கடனைக் கூட்டுறவு வங்கிகள் தர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் முதல் பெயராக இடிந்தகரை இருக்கட்டும்.